மலைக்கு வழி மல்லேஸ்வரத்தில்

மல்லேஸ்வரம் பதினெட்டாம் கிராஸில் அரண்ய பவன் இருக்கிறது. கர்நாடக வனத்துறையின் தலைமை அலுவலகம் அது. குமார பர்வதம், குத்ரேமுக், தடியண்டமோள் என்று பெங்களூர்க்காரர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிப் போகிற மலைகளுக்கெல்லாம் ‘போகலாம்’, ‘இப்போது மூடியிருக்கிறது’, ‘நாளைக்கு இத்தனை பேர்தான்’ என்ற உத்தரவு இந்தத் துறையின் பேரில்தான் வருகிறது. 1898இல் பிளேக் நகரத்தை உலுக்கிய பிறகு, நெரிசலை விட்டுத் தள்ளிக் காற்றோட்டமாக வாழ்வதற்கென்று விரிந்த பேட்டை மல்லேஸ்வரம். நல்ல காற்றுக்காக எழுந்த பேட்டையில் நல்ல காற்றுக்கு அனுமதி கொடுக்கிற அலுவலகமும் வந்து அமர்ந்தது தற்செயல்தான். ஆனால் மலை ஒரு பக்கம், மலைக்குப் போகும் அனுமதி 250 கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொரு பக்கம் என்று ஆனது தற்செயல் அல்ல. மலையேறும் விடுமுறையின் வரலாற்றை வீரக்கதையாக எழுதுவதே வழக்கம்: யார் முதலில் ஏறினார், எத்தனை அடி உயரம், என்ன குளிர். எனக்கு அது பாதை உரிமையின் வரலாறாகப் படுகிறது. நடக்கிறவன் யார் என்பதைவிட, நடக்கிற வழி யாருடையது என்பதுதான் ஒரு மலைநாட்டில் விடுமுறை நடை என்ன வடிவம் எடுக்கும் என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். நாம் சொல்லும் ‘டிரெக்கிங்’, தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வழியினர் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போன நெடும் பயணத்தின் பெயர். கன்னடத்தில் இதற்குச் ‘சாரண’ என்று அழகான சொல் இருக்கிறது. நாமோ சாரணரைப் பள்ளிக்கூடக் காக்கிச் சட்டைக்குக் கொடுத்துவிட்டு, ‘மலையேற்றம்’ என்று ஒரு பொதுச்சொல்லோடு நின்றுவிட்டோம். ஆனால் மலைவழி சொல்லும் இலக்கியம் தமிழுக்குப் புதிதில்லை. பத்துப்பாட்டில் 583 அடியில் அமைந்த மலைபடுகடாம், செங்கண்மாவின் மன்னன் நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்கிறது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்பவர் பரண் மேலிருந்து எறியும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்குவது, வழுக்குப் பாறையில் எதைப் பிடித்துக்கொள்வது, எந்தச் சிற்றூரில் என்ன சோறு கிடைக்கும் என்று ஒரு கைநூலுக்கு வேண்டியதெல்லாம் அதில் உண்டு. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த மலையில் வழி தவறினால் வந்து மீட்கிறவர்கள் அங்கேயே வாழும் வேட்டுவர்களான கானவர்கள். பொறியும் அவர்களுடையது, பரணும் அவர்களுடையது, விருந்தும் அவர்களுடையது. வெளியூரிலிருந்து வருகிறவன் அவர்களுடைய மலையில் அவர்கள் சொற்படி நடக்கிறான். மலை மன்னன் நன்னன் பேரில் இருந்தாலும் பாதை அங்கே குடியிருப்பவர்களின் கையில்தான் இருக்கிறது.

அந்த நிலையிலிருந்து பதினெட்டாம் கிராஸ் வரை வந்த வழியில், ஓய்வுக்காக மலைக்குப் போவது என்ற பழக்கத்தை நவீன அர்த்தத்தில் தென்னிந்தியாவில் தொடங்கி வைத்தது நீலகிரி. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் கோத்தகிரிப் பக்கம் ஏறி, திம்பட்டியில் வீடு கட்டினார். பிறகு உதகைக்குப் போனார். அடுத்த சில பத்தாண்டுகளில் சென்னை, மைசூர், மலபார் அதிகாரிகளுக்கு உடம்பு தேற்றும் இடமாக அது ஆகிவிட்டது. அவர்கள் எப்படி மேலே போனார்கள் என்பதில்தான் சுவாரஸ்யம். குதிரையில் போக முடிந்தவர்கள் குதிரையில். முடியாதவர்களும் சீமாட்டிகளும் நோயாளிகளும் குழந்தைகளும் மஞ்சலில். நீளமான மூங்கிலில் தொங்கும் தூளி போன்ற அதை, ஆள் மாற்றி ஆள் மாற்றித் தோளில் சுமந்து கணவாய் ஏறினார்கள். நம் பக்கத்து முதல் மலை விடுமுறைகளில் பெரும்பாலும் விடுமுறைக்காரர் மட்டும்தான் நடக்கவில்லை. நடந்தவர்கள் வேலைக்காக நடந்தார்கள். ஏட்டில் அவர்கள் பெயராக இல்லை, எண்ணிக்கையாகவே இருந்தார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ரயில் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டியதும், கால் தேவையற்றுப் போயிற்று. தேவை தீர்ந்த பிறகுதான் நடை ஆசையாக மாறியது. இது உலகம் முழுதும் நடந்த கதைதான்.

ஆல்ப்ஸில் நடந்தது ஏன் வேறாக இருந்தது என்று பார்த்தால் என் வாதம் தெளிவாகும். ஆல்ப்ஸின் மிக உயர்ந்த சிகரமான மோன் பிளாங்கில் 1786இல் முதலில் ஏறியவர்கள் இருவரும் அடிவாரத்து ஷாமொனிக்காரர்கள்: ஒருவர் ஊர் மருத்துவர் பக்கார், இன்னொருவர் பாறையில் படிகக் கல் தேடி விற்று வாழ்ந்த பல்மா. வெளியிலிருந்து வந்த ஆங்கிலேயருக்கும் ஜெனீவாக்காரருக்கும் வழி காட்டுவது அவர்கள் ஊர்த் தொழில் ஆயிற்று. 1820இல் ஒரு விபத்தில் மூன்று வழிகாட்டிகள் செத்துப்போனார்கள். மறு வருடமே, 1821இல், ஷாமொனி வழிகாட்டிகள் சங்கமாகத் திரண்டுகொண்டார்கள்: முறை வைத்து வேலை, நிர்ணயித்த கூலி. ஒவ்வொரு வழிகாட்டியின் கையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அழைத்துப் போனவர்கள் அதில் நற்சான்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். 1865இல் மாட்டர்ஹார்னில் முதன்முதலாக ஏறிய ஏழு பேரில் நாலு பேர் இறங்கும்போது விழுந்து இறந்தார்கள். அவர்களில் வழிகாட்டி மிஷேல் குரோவின் பெயர், கூடப் போன கனவான்களின் பெயரோடு சமமாக வரலாற்றில் நிற்கிறது. அங்கேயும் நாற்காலிச் சுமையாளர்கள் இருந்தார்கள், வறுமை இருந்தது. மலை மக்களை மூடர்களாக எழுதிய பயண நூல்களுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் பெயர் தெரிந்த தொழிலாளியாக வழிகாட்டி பேரம் பேச முடிந்தது. அதற்கு அவருடைய துணிச்சல் காரணமல்ல. வீட்டுக்குப் பின்னால் இருந்த நிலம்தான் காரணம்.

அந்த நிலத்தின் கணக்கு பழையது. சுவிட்சர்லாந்தின் வாலே பகுதியில் டோர்பெல் என்ற சிற்றூர் இருக்கிறது. பொது மேய்ச்சல் நிலத்தைப் பற்றி ஊரார் 1483இல் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் அங்கே இருக்கிறது. 1517 வாக்கில் ஒரு விதியும் போட்டார்கள். குளிர்காலத்தில் தீவனம் போட்டு வளர்க்கக்கூடிய மாடுகளுக்கு மேல் ஒருவரும் கோடையில் மலைக்கு ஓட்டக் கூடாது. பொருளியலுக்கு நோபல் பரிசு வாங்கிய எலினோர் ஆஸ்ட்ரம் தன் 1990ஆம் ஆண்டு நூலில் இந்த ஊரை எடுத்துக்காட்டியதால் இது உலகப் பிரசித்தம். மலை எவ்வளவு தாங்கும் என்ற எண்ணை, மலையில் இருந்தவர்களே போட்டுக்கொண்டார்கள் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. பின்னால் விடுமுறைக்காரர்கள் கூட்டமாக வரத் தொடங்கியபோது (தாமஸ் குக் 1863இல் முதல் கூட்டத்தை சுவிட்சர்லாந்துக்கு அழைத்து வந்தார்) அவர்கள் கால் வைத்தது ஊருக்கோ குடும்பத்துக்கோ சொந்தமான பாதையில். 1907இல் எழுதி 1912இல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் குடிமைச் சட்டத்தின் 699ஆம் பிரிவு, ஊர் வழக்கம் அனுமதிக்கும் அளவுக்கு யாரும் காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் நுழையலாம், காட்டுப் பழமும் காளானும் பறிக்கலாம் என்று சொல்லிற்று. 1979இல் மக்கள் வாக்களித்து நடைபாதைகளை அரசியல் சட்டத்திலேயே சேர்த்தார்கள். இன்றைக்கு சுமார் 65,000 கிலோமீட்டர் பாதையை அந்த நாடு பராமரிக்கிறது. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரொமான்ஷ் என்று பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு பாஷை மாறினாலும், ஒரு வழிகாட்டிப் பலகையின் மஞ்சள் நிறம் மாறுவதில்லை.

நம் மலைகளிலும் பாஷைக்குக் குறைச்சல் இல்லை. குமார பர்வதத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் துளு, கன்னடம், அரெபாஷே, கொடவ தக்கு, கொங்கணி, மலையாளம் எல்லாம் கேட்கும். மலைக்குடியர் அங்கே இருக்கிறார்கள். அதே பக்கத்துச் சுள்ளியா வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில், 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் வனவளர்ச்சிக் கழகத்தின் பால்வடிப்புத் தொழிலாளர்களாக வாழ்கிறார்கள். பெங்களூரிலிருந்து வரும் தமிழ்ப் பையன் மலையடிவாரத்துச் சுப்பிரமணியா பஸ் நிறுத்தத்தில் கேட்கும் தமிழ் கண்டி மலையிலிருந்து வந்ததாக இருக்கலாம். சுவிட்சர்லாந்திலிருந்து கூட இங்கே வந்திருக்கிறார்கள்: பாசல் மிஷன் 1834இல் மங்களூரில் வேலையைத் தொடங்கியது, 1846இல் நீலகிரியில் கேத்திக்கு வந்தது, அங்கிருந்து மெட்ஸ் பாதிரியார் ஊர் ஊராக நடந்து மலைக்குடிகளைப் பற்றி எழுதினார். எனவே வித்தியாசம் பாஷையிலோ பண்பாட்டிலோ இல்லை. சட்டத்தில் இருந்தது. நீலகிரி நிலம் தோடர்களுக்கே உரியது என்று சல்லிவன் வாதாடினார். அந்த வாதம் தோற்றது. 1882இல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. மைசூர் சமஸ்தானம் 1900இல் தன் வன ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. இரண்டின் சாரமும் ஒன்று. எல்லை போட்டு அறிவித்த காட்டில் அத்துமீறி நுழைவது குற்றம். அதற்கு முன்பிருந்த வழிகளும் மேய்ச்சலும் இருந்தால் இருக்கலாம், அது அரசு விட்டுக்கொடுத்த சலுகை. கானவர் போட்ட பாதையில் கானவரே அனுமதி வாங்கும் காலம் அன்று தொடங்கியது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்று பட்டியலே போட்டது. சுற்றுலாவும் அதில் ஒரு காரணம், சீட்டு வாங்கினால். விடுமுறை நடை நமக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது: உரிமையாக அல்ல, ஊர் விருந்தாகவும் அல்ல, துறை கொடுக்கும் சீட்டாக.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். வெள்ளியங்கிரிக்கும் சதுரகிரிக்கும் பர்வதமலைக்கும் நம் ஜனங்கள் எந்தச் சீட்டும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக ஏறவில்லையா? குக்கே சுப்பிரமணியாவில் தாரகனை வதைத்த வேலைக் குமாரதாராவில் கழுவினான் முருகன் என்று கேட்டு வளர்ந்தவனுக்குக் குமார பர்வதம் அந்நியமா? அந்நியமில்லைதான். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை வலுப்படுத்துகிறது. யாத்திரை நடைக்குப் பருவம் உண்டு, விரதம் உண்டு, மூங்கில் தடி உண்டு, வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல் உண்டு. அந்த வழக்கம்தான் பாதைக்கு உரிமை கொடுத்தது. சட்டமும் அதைப் பெரும்பாலும் தொட்டுப் பார்க்கத் தயங்கியது, கூட்டமாக வரும் பக்தரோடு மோத எந்த அரசும் விரும்பாது. வழக்கத்தின் பலம் இல்லாமல் வந்தவன் விடுமுறைக்காரன்தான். அவனுக்குப் பின்னால் ஊரும் இல்லை, சாமியும் இல்லை. பெங்களூர்க்காரர்கள் பத்து வருடம் ஒரு ரயில் பாதையையே மலைப்பாதையாக வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். சக்லேஷ்பூருக்கும் சுப்பிரமணியாவுக்கும் நடுவே, அகலப்பாதை ஆக்குவதற்காக 1990களின் பாதியில் வண்டிகள் நின்றன. மறுபடி ஓடியது 2006க்குப் பிறகு. அந்த இடைவெளியில் டோணிகல்லில் இறங்கி எடகுமேரி வரை குகை குகையாக, பாலம் பாலமாக நடப்பது நகரத்து இளைஞர்களின் பெரிய விடுமுறை ஆயிற்று. வண்டி திரும்பியதும் அது தண்டவாளத்தில் அத்துமீறல் ஆனது. நடக்க ஆசைப்பட்டவனுக்கு உரிமையுள்ள பாதை ஒன்று இருந்திருந்தால், ரயில் குகையைத் தேடிப் போயிருப்பானா?

இன்னொரு மறுப்பு கனமானது; அதை லேசில் தள்ள முடியாது. ஆல்ப்ஸில் யானை இல்லை. ஓநாயையும் கரடியையும் அவர்கள் பெரும்பாலும் சுட்டுத் தீர்த்துவிட்டுத்தான் பசும்புல் சரிவில் ஜனங்களை நடக்க விட்டார்கள். அந்தப் புல்வெளியே மாடு மேய்த்து உண்டாக்கியது. நம் சோலைக்காடும் அதன் மேல் விரிந்த புல்வெளியும் அப்படிப்பட்டவை அல்ல. வனத்துறை வேலி போட்டிருக்காவிட்டால் அவை தேயிலையாகவும் காப்பியாகவும் எப்போதோ மாறியிருக்கும் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. குத்ரேமுக்கில் இரும்புத்தாது வெட்டுவது 2005 கடைசியில் நின்றது உச்ச நீதிமன்றத்தால், ஊர்க் கூட்டத்தால் அல்ல. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் மாண்ட பிறகு, ஒழுங்கே வேண்டாம் என்று யாரும் பேச முடியாது. 2024 ஜனவரியில் குடியரசு நாள் விடுமுறைக்குக் குமார பர்வதத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு, சரிவில் ரேஷன் கடை போல வரிசை நின்ற காட்சியைக் கைபேசியில் பார்க்காத பெங்களூர்க்காரர் குறைவு. அதன் பிறகு ஆன்லைனில் முன்பதிவு, ஒரு நாளைக்கு 300 பேர் என்று வரம்பு வந்தது. எல்லாம் சரி. ஆனால் குரங்கணியில் புகையைப் பார்த்து உதவிக்கு முதலில் ஓடியவர்களில் அக்கம்பக்கத்து ஜனங்கள் இருந்தார்கள். போர்வையில் கட்டித் தூக்கி இறக்கியதும் அந்தப் பாதையைத் தெரிந்தவர்கள்தான். அங்கே இல்லாமல் போனது கண்டிப்பு மட்டுமல்ல. அந்த மாசத்தில் அந்தப் புல் எப்படிப் பற்றும் என்று தெரிந்தவருக்கு ‘இன்று போகாதே’ என்று சொல்லித் தடுக்கும் அதிகாரம். 1821இல் ஷாமொனிக்காரர்கள் சங்கம் கூடியது கூலிக்காக மட்டுமல்ல, அந்த அதிகாரத்துக்காகவும்தான் என்று நான் நினைக்கிறேன்.

அந்த அதிகாரம் எப்படி இருக்கும் என்பதற்கு நம்மிடமே ஒரு சின்ன மாதிரி உண்டு. குக்கேயிலிருந்து குமார பர்வதம் ஏறும் வழியில், காட்டு ஏற்றம் முடிந்து புல்வெளி திறக்கும் இடம் கிரிகத்தே. அங்கே ஒரு பட்டர் வீடு. ‘பட்டர மனே’ என்றால் பெங்களூரில் மலை ஏறுகிற எவருக்கும் தெரியும். காலங்காலமாக அந்தக் குடும்பம் வருகிறவர்களுக்குச் சோறு போட்டு வந்திருக்கிறது. காலில் ரத்தம் ஒழுக, அட்டையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே வந்து உட்கார்கிறவன் முன்னால் தட்டு, சுடச்சுடச் சோறு, சாம்பார், ஊறுகாய், மோர். அப்புறம் திண்ணையில் படுக்கை. பக்கத்திலேயே வனத்துறைச் சாவடி. அங்கே பையைத் திறந்து பிளாஸ்டிக் எண்ணுகிறார்கள். ஒரே மேட்டில் இரண்டு விதமான வரவேற்பு. சீட்டைக் காட்டிக் கடந்து போகிற சாவடி யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. அந்தச் சாம்பாரைப் பற்றி இருபது வருடம் கழித்தும் பேசுகிறார்கள். ஆல்ப்ஸின் மலைக்குடில்கள் எல்லாம் சேர்ந்து செய்த வேலையை ஒரு வீடு தனியாகச் செய்திருக்கிறது. குத்ரேமுக் பக்கம் முல்லோடியில் வீட்டுத்தங்கலும் ஜீப்பும் நடத்தும் குடும்பங்களும் அதே வழியில்தான் போகின்றன. தமிழ்நாட்டில் 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டம் பழங்குடி இளைஞர்களைப் பழக்கி வழிகாட்டிகளாக வைத்திருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனாலும் அவர்கள் துறையின் வழிகாட்டிகள். பாதையின் உரிமையாளர்கள் அல்ல.

உரிமையைக் கொடுத்துவிட்டால் ஊர்க்காரர் காசுக்கு விற்றுவிட மாட்டாரா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான், ஏனென்றால் ஆல்ப்ஸில் அதுவும் நடக்கிறது. லடின் பேசும் வால் கார்டெனா பள்ளத்தாக்கின் மேலே செசெடா முகடு இருக்கிறது. கைபேசிப் படத்தால் உலகப் புகழ் பெற்ற இடம். 2025 கோடையில் அங்கே நிலம் வைத்திருக்கும் சிலர் பாதையின் குறுக்கே சுழல் கதவு வைத்து ஆளுக்கு ஐந்து யூரோ கேட்டார்கள். மிதிபட்ட புல்லுக்கும் எறிந்த குப்பைக்கும் யார் பதில் சொல்வது என்பது அவர்கள் கேள்வி; காசு பறிக்கிறார்கள் என்பது எதிர்த்தரப்பின் வாதம். எனக்கு அந்தக் கதவு பிடிக்கவில்லை. ஆனால் அதை வைத்தவர்கள் யார் என்று தெரிகிறது. நேரே போய்ச் சண்டை போடலாம். 300 என்ற எண்ணோடு யார் எங்கே போய்ச் சண்டை போடுவது? டோர்பெல்லில் 1517இல் போட்ட எண்ணைப் போட்டவர்களே அனுபவித்தார்கள், மீறினால் அபராதம் கட்டினார்கள். அதனால்தான் அது நின்றது.

நம்மிடம் இதற்குச் சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் 2011இல் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமூக வன உரிமை வாங்கினார்கள். அந்த உரிமையைத் தந்த 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவு, அப்படி உரிமை பெற்ற காட்டில் யார் நுழையலாம் என்பதை ஒழுங்கு செய்யவும், காட்டுக்கும் விலங்குக்கும் கேடு தருவதைத் தடுக்கவும் கிராம சபை எடுக்கும் முடிவுகள் செல்லும் என்கிறது. மலைப்பாதைகளின் விஷயத்தில் அந்தப் பிரிவைப் பயன்படுத்த வேண்டியதுதான் பாக்கி. அடுத்த பருவத்துக்கான எண்ணை அரண்ய பவன் அறிவிப்பதற்கு முன்னால், அடிவாரத்துக் கிராம சபைகளைக் கூட்டி அவர்களோடு உட்கார்ந்து அந்த எண்ணைப் போடட்டும்.